மேற்பூச்சின் சாட்சியம்: பழைய படைச் சின்னங்களில் அசலும் பிற்சேர்க்கையும்

பழைய படைச் சின்னம் ஒன்றின் உலோகமும் அச்சும் தயாரிப்பாளர் முத்திரையும் ஐயத்துக்கு இடமின்றி அசலாக இருந்தாலும், அதன் மேல் காணப்படும் நிறம் மிக அண்மையில் ஏற்றப்பட்டதாக இருக்கக்கூடும். இதற்கு மாறாக, பழைய அச்சைக் கொண்டு அண்மையில் அடிக்கப்பட்ட ஒரு சின்னத்துக்கு நூறாண்டுப் பழமை தோன்றும்படி நிறம் ஊட்டப்படுவதும் உண்டு. மேற்பூச்சு என்று இங்கே குறிக்கப்படுவது, அடித்து முடித்த சின்னத்தின் மீது தயாரிப்பாளர் ஏற்றிய இறுதிப் படலமாகும். அது முலாமாகவோ, வேதிக் கரைசலில் தோய்த்து வரவழைத்த நிறமாகவோ, வண்ணமாகவோ, ஒளி ஊடுருவும் வார்னிஷாகவோ, பல வேளைகளில் இவற்றுள் இரண்டின் சேர்க்கையாகவோ இருக்கும். சின்னத்தின் பிற கூறுகளை அளவுகோலும் தராசும் கொண்டு ஒப்பிட்டுவிடலாம். வேதிமுறையில் உண்டான இந்தப் படலமோ ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவே, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிப்புடையது என்பதால், அதை உருவாக்குவதும் எளிது, ஒரு துணியைக் கொண்டு தேய்த்து அழிப்பதும் எளிது.

இந்த ஆய்வுக்கு ஏற்ற களம், 1902 முதல் 1950கள் வரையிலான பிரிட்டிஷ் படையின் தொப்பிச் சின்னங்களாகும். இவை பெரும் எண்ணிக்கையில் அடிக்கப்பட்டன. ஒரே படைப்பிரிவின் ஒரே வடிவம் அணிபவரின் தகுதிக்கேற்ப வெவ்வேறு பூச்சுகளில் வந்தது. அணிந்தவர்களும் பின்னர் விற்றவர்களும் அவற்றின் மேற்பரப்பை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இக்களத்தில் நெடுங்காலம் பழகியவர்களும் தடுமாறுவதற்கு முதன்மையான காரணம், நிறத்தைப் பார்த்து முடிவு சொல்ல முற்படுவதே. எது முதலில் வந்தது, எது அதன் மேல் வந்தது என்னும் வரிசையைக் கண்டறிவதே சரியான வழி. நிறம் அந்த வரிசைக்குத் துணைச் சான்று மட்டுமே.

1902இல் பிரிட்டிஷ் படை உள்நாட்டுப் பணிக்கும் களப்பணிக்கும் பொதுவான காக்கிச் சீருடையை ஏற்றுக்கொண்டது. மின்னும் பொன்முலாமும் வெள்ளியும் அந்தச் சீருடையின் நோக்கத்துக்குப் பொருந்தாதவை என்பதால், அதிகாரிகளின் தொப்பிக்கும் கழுத்துப்பட்டிக்கும் மங்கிய பழுப்பு நிறச் சின்னங்கள் வகுக்கப்பட்டன. இவை வெண்கலச் சின்னங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் பெரும்பாலானவற்றின் உலோகம் செம்பும் தகரமும் கலந்த வெண்கலமன்று, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையே. வெண்கலமாக இருப்பது நிறம் மட்டும். சாதாரண வீரர்கள் அணிந்தவை நிறமேற்றாத பித்தளையிலும், வெள்ளை உலோகம் எனப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையிலும், அல்லது இவ்விரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பற்றவைத்த இரட்டை உலோகத்திலும் செய்யப்பட்டன; அவற்றை நாள்தோறும் துலக்கிப் பளபளக்கச் செய்வது வீரனின் கடமை. துப்பாக்கி வீரர் மரபைச் சேர்ந்த சில படைப்பிரிவுகள் மட்டும் கறுப்பை விரும்பின. கிங்ஸ் ராயல் ரைபிள் படையின் சின்னம் கறுக்கப்பட்ட சிலுவை வடிவாய், சிவப்புத் துணியைப் பின்புலமாகக் கொண்டு அணியப்பட்டது. ஆகவே ஒரு சின்னத்தைக் கையில் எடுத்தவர் முதலில் கேட்க வேண்டியது, இதற்கு எந்தப் பூச்சு இருந்திருக்க வேண்டும் என்பதாகும். வீரனின் பித்தளைச் சின்னத்தில் பழுப்பு நிறம் இருப்பின் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும். அதிகாரியின் சின்னத்தில் அது இல்லாவிடினும் விளக்கம் வேண்டும்.

இந்த எதிர்பார்ப்பைக் காலமும் மாற்றியது. முதல் உலகப் போரின் நடுவில், 1916இல், நிக்கலைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு இரட்டை உலோகச் சின்னங்கள் பல முழுப் பித்தளையில் அடிக்கப்பட்டன. இவற்றின் மேற்பகுதி வெள்ளையாக இல்லாதது குறையன்று, காலத்தின் அடையாளம். அத்தகைய சின்னத்துக்கு வெள்ளை முலாம் பூசி, போருக்கு முந்தைய இரட்டை உலோகச் சின்னம் என்று காட்ட முயல்வோர் தாங்கள் அரிய போர்க்காலச் சான்று ஒன்றை அழிப்பதை உணர்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு மேலும் கடுமையாகி, 1942 வாக்கில் பிளாஸ்டிக் சின்னங்கள் வந்தன. வால்சால் நகரின் ஸ்டான்லி நிறுவனத்தின் பெயர் அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் காணப்படும். பழுப்பும் சாம்பலும் கறுப்புமாக அவை கொண்டிருந்த நிறம் மேலே பூசப்பட்டதன்று, பொருளிலேயே கலந்தது. 1950களில் துலக்கத் தேவையில்லாத, நிறமேற்றிய ஆக்சைடுப் படலம் கொண்ட அலுமினியச் சின்னங்கள் பரவத் தொடங்கின. பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள இவற்றைக் கையில் எடுத்த உடனேயே பிரித்தறியலாம்.

சின்னத்தில் உள்ள மணிமுடியும் ஒரு கால எல்லையைத் தருகிறது. 1901க்குப் பிந்தைய மன்னர்களின் காலத்தில் வழங்கிய முடி, இரண்டாம் எலிசபெத் 1952இல் அரசியான பின்னர் வேறு வடிவத்துக்கு இடம் தந்தது. இந்தியப் படைகளில், 1950 ஜனவரி 26ஆம் நாள் நாடு குடியரசானதோடு முடி நீங்கி, சாரநாத்தின் அசோகச் சிங்கங்கள் அந்த இடத்தைப் பெற்றன. மதராஸ் சாப்பர்கள் போன்ற பழைய படைகளின் சின்னங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் இந்த மாற்றத்தைக் கண்கூடாகக் காணலாம். முடி காட்டும் காலத்துக்குப் பின் புழக்கத்துக்கு வந்த பூச்சு ஒன்று அதே சின்னத்தில் இருக்குமாயின், அச்சு பழையது, பூச்சு புதியது என்றோ, இரண்டுமே புதியவை என்றோ பொருள்படும்.

அதிகாரிகளுக்கான வெண்கல நிறம் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதை அறியாமல் அதன் அசல் தன்மையைப் பற்றிப் பேச இயலாது. பர்மிங்காமிலும் லண்டனிலும் இருந்த காண்ட், ஃபர்மின் போன்ற நிறுவனங்களின் பட்டறைகளில், தகடு எஃகு அச்சில் அழுத்தி அடிக்கப்பட்டு, ஓரங்கள் வெட்டப்பட்டு, பின்புறத்தில் காதுகளோ மடக்கு நாக்குகளோ பற்றவைக்கப்பட்டன. காது என்பது செம்புக் கம்பியாலான வளையம். அதனூடே ஊசியைச் செருகிச் சின்னத்தைத் தொப்பியில் நிறுத்துவர். மடக்கு நாக்கு என்பது துணியைத் துளைத்து மறுபுறத்தில் மடிக்கப்படும் மெல்லிய தகட்டுத் துண்டு. அதிகாரிகளின் வெண்கலச் சின்னங்களில் இது மிகுதி. வீரர்களின் சின்னங்களில் 1900களின் தொடக்கத்திலிருந்து, தொப்பியின் மடிப்புக்குள் நுழையும் நீண்ட செருகுபட்டை பரவலாயிற்று. எனினும் வளையங்களும் பல படைப்பிரிவுகளில் தொடர்ந்தன. பற்றவைப்பு முடிந்த பிறகே சின்னம் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப்பட்டு, செம்பைச் சல்பைடாகவோ ஆக்சைடாகவோ மாற்றும் கரைசலில் தோய்க்கப்பட்டது. செம்பு ஆக்சைடுகளில் ஒன்று செம்பழுப்பும் மற்றொன்று கறுப்பும் ஆகும். சல்பைடு சாம்பல் கலந்த கறுப்பு. கரைசலின் செறிவு, வெப்பம், தோய்த்த நேரம், பின் தூரிகையால் தேய்த்த அளவு ஆகியவற்றுக்கு ஏற்ப, சாக்லேட் பழுப்பு முதல் ஏறத்தாழக் கறுப்பு வரை நிறம் வேறுபட்டது. இறுதியில் மெல்லிய வார்னிஷ் அல்லது அரக்குப் பூச்சு அதைக் காத்தது. ஒரே படைப்பிரிவின் இரண்டு அசல் சின்னங்கள் இரண்டு நிறத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். இவ்வளவு வேறுபாடு இயல்பாகவே இருக்கும் இடத்தில், நிறம் சரியில்லை என்று சொல்லி ஒன்றைப் போலி என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

பற்றவைப்புக்குப் பிறகே நிறம் ஏற்றப்பட்டது என்னும் இந்தச் சிறு செய்தி ஆய்வாளருக்கு மிகவும் பயன்படுவது. சின்னத்தைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ் காதின் அடிப்பகுதியைப் பார்த்தால், அசலில் பழுப்புப் படலம் தகட்டின் பின்புறத்திலிருந்து ஈயப்பற்றின் ஓரம் வரை தடையின்றி வந்து, பற்றின் மேல் சற்று வேறுபட்ட சாம்பல் நிறத்தோடு தொடர்ந்து, செம்புக் கம்பியில் மீண்டும் பழுப்பாகும். தகரமும் ஈயமும் சேர்ந்த பற்று, செம்பைப்போல் கரைசலில் நிறம் பிடிப்பதில்லை என்பதால் அந்தச் சாம்பல் நிறம் எதிர்பார்க்கத்தக்கதே. பிற்காலத்தில் உடைந்த காதை யாரேனும் மீண்டும் பற்றவைத்திருந்தால் காட்சி வேறாக இருக்கும். வெப்பம் பட்ட இடத்தைச் சுற்றி வார்னிஷ் கருகி அல்லது உருகிப் பின்வாங்கிய வளையம் ஒன்று தெரியும்; பற்று வெள்ளியைப்போல் மின்னும்; அதன் ஓரத்தில் பழுப்புப் படலம் பற்றின் அடியில் நுழைந்து மறையும். படலத்தின் மேல் பற்று என்றால் பழுதுபார்ப்பு பிந்தியது. பற்றின் மேல் முழுதும் ஒரே சீரான புதுப் படலம் என்றால் பழுதும் நிறமும் இரண்டுமே பிந்தியவை. பின்புறத்தை எவரும் காட்சிக்கு வைப்பதில்லை ஆதலால், ஏமாற்ற முற்பட்டவர்கள் மிகக் குறைவாக உழைத்த பக்கமும் அதுவே. நேர்மையான ஆய்வு எப்போதும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முன்புறத்தில் தேய்மானம் பேசுகிறது. அணியப்பட்ட சின்னத்தில் மணிமுடியின் உச்சி, விலங்குருவின் மூக்கு, சுருள்பட்டையின் ஓரம் போன்ற மேடான பகுதிகளில் கையும் துணியும் படுவதால் படலம் அங்கே முதலில் தேய்ந்து, பித்தளை மெல்ல வெளிப்படும். எழுத்துகளுக்கு இடையிலான பள்ளங்களில் அது நிலைத்திருக்கும். இடையில் நிறம் படிப்படியாக மெலிவது இயல்பான தேய்மானத்தின் அடையாளம். உப்புத்தாளோ எஃகுக் கம்பளியோ கொண்டு அவசரமாக உண்டாக்கிய தேய்மானத்தில் இந்தப் படிப்படியான மெலிவு இருப்பதில்லை. படலம் திடீரென்று முடிந்து, ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரியும். மடக்கு நாக்குகள் உண்மையில் மடிக்கப்பட்டிருந்தால், மடிப்புக் கோட்டில் படலம் வெடித்து, துணியோடு உரசிய பகுதியில் மட்டும் தேய்ந்திருக்கும். முன்புறம் நெடுங்காலம் அணிந்ததுபோல் தேய்ந்திருந்து நாக்குகள் ஒருமுறையும் மடிக்கப்படாத நிலையில் இருப்பின், அந்த முன்புறத்தை நம்புவதற்கில்லை.

இனி, இக்களத்தில் மிகுதியாக நடக்கும் திரிபு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அதிகாரிகளின் வெண்கலச் சின்னம் எண்ணிக்கையில் குறைவு, விலையில் மிகுதி. வீரர்களின் பித்தளைச் சின்னம் ஏராளம். ஆகவே வீரனின் சின்னத்தைக் கரைசலில் தோய்த்துப் பழுப்பாக்கி, அதிகாரியின் சின்னமாக விற்பது பழைய வழக்கம். இதை வெளிப்படுத்த ஆய்வகம் தேவையில்லை. வீரனின் சின்னம் நாள்தோறும் துலக்கப்பட்டது. துலக்கத் துலக்க அச்சின் கூர்மை மழுங்கி, சிங்கத்தின் பிடரி வழவழப்பாகி, எழுத்தின் விளிம்புகள் உருண்டுவிடும். இவ்வாறு மழுங்கிய மேடுகளின் மீது பழுப்பு நிறம் ஒரு சிதைவுமின்றிப் படர்ந்திருக்குமானால், துலக்கல் முதலில் நடந்தது, நிறம் பிறகு வந்தது என்னும் முடிவைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை. அசல் வெண்கலப் படலம் இருக்கும்போதே அதன் அடியில் உள்ள உலோகம் மட்டும் மழுங்க வழியே இல்லை. இரட்டை உலோகச் சின்னத்தை இப்படித் தோய்த்தால் மற்றொரு தடயமும் கிடைக்கும்: நிக்கல் கலந்த வெள்ளைப் பகுதி, பித்தளை ஏற்கும் அளவுக்கு நிறத்தை ஏற்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். செருகுபட்டையை அறுத்து எடுத்து நாக்குகளைப் பற்றவைத்திருந்தால், பழைய பற்றின் நீண்ட தடம் நிறத்தின் அடியில் மேடாகத் தெரியும். சாய்வாக விழும் ஒளியில் சின்னத்தைப் பிடித்தால் அந்த மேடு நிழல் தந்து தன்னைக் காட்டிக்கொள்ளும்.

துலக்கிய பித்தளை என்பதும் ஒரு மேற்பூச்சு நிலையே என்பதை மறந்துவிடலாகாது. பிராசோ திரவம் பிரிட்டனில் 1905இல் ரெக்கிட் நிறுவனத்தாரால் விற்பனைக்கு வந்தது; மென்மையான தேய்ப்புத் தூளும் அம்மோனியாவும் கலந்த அத்தகைய துலக்கிகள் படைமுகாம்களின் அன்றாடப் பொருள்களாயின. அவற்றின் உலர்ந்த எச்சம் எழுத்துகளின் மூலைகளில் வெள்ளையாகவோ பச்சை கலந்த வெள்ளையாகவோ தங்கி இறுகிவிடும். வீரனின் சின்னத்தில் இந்த எச்சமும், துலக்கிய திசையில் ஓடும் மெல்லிய தேய்வும், தொப்பித் துணி மறைத்த பின்புறத்தில் துலக்கப்படாத கருமையும் ஒருங்கே இருப்பின், அதுவே அந்தச் சின்னத்துக்குரிய அசலான மேற்பரப்பு. இதைக் குறை என்று எண்ணிப் பழைய நிறத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி கறுக்கச் செய்வது சேகரிப்பாளர்களிடையே இன்றும் காணப்படும் பெரும் பிழை.

அம்மோனியா பித்தளைக்குச் செய்யும் தீங்கு துலக்குவதோடு முடிவதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டாக்கூடுகள், பருவம் முடிந்து எடுத்துப் பார்க்கும்போது வெடித்திருந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, அழுத்தி இழுத்துச் செய்த பித்தளையில் எஞ்சியிருந்த உள்ளழுத்தத்தோடு சேர்ந்து இந்த விரிசலை உண்டாக்குகிறது என்பது 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோரின் ஆய்வால் விளக்கம் பெற்றது. அச்சில் அடிக்கப்பட்ட சின்னத்திலும் அத்தகைய உள்ளழுத்தம் உண்டு. மூடிய பாத்திரத்தில் அம்மோனியா ஆவியைப் பிடித்துப் பச்சைப் படலம் வரவழைக்கும் செயற்கைப் பழமையாக்கலில், நிறம் மட்டுமன்றி உலோகமும் கெடும் ஆபத்து இருப்பது இதனால் தெளிவாகும். பச்சை நிறம் எல்லாம் ஒன்றல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. தொப்பியின் தோற்பட்டையிலும் இடைவார்த் தோலிலும் ஊறிய கொழுப்பு அமிலங்கள் செம்போடு சேர்ந்து உண்டாக்கும் களிம்பு, மெழுகைப்போல் மென்மையாய், தோல் பட்ட இடத்தில் மட்டும் தங்கும். அந்தக் களிம்பு பழுப்புப் படலத்தின் மேல் இருந்தால் இயல்பு. பழுப்புப் படலம் அந்தக் களிம்பின் மேல் ஏறியிருந்தால் அது பிற்சேர்க்கை. ஆவியில் வரவழைத்த பச்சையோ மேடு பள்ளம் என்ற வேறுபாடின்றி எங்கும் படிந்து, தொட்டால் தூளாக உதிரும்.

செயற்கைக் கருமையைப் பற்றியும் சில சொல்லலாம். கந்தகக் கல்லீரல் என்று பட்டறைகளில் வழங்கும் பொட்டாசியம் சல்பைடுக் கலவை செம்பையும் வெள்ளியையும் சில நிமிடங்களில் கறுக்கச் செய்யும். பழைய பட்டறைகளும் இதையொத்த கரைசல்களையே பயன்படுத்தின என்பதால், கந்தகம் இருப்பது ஒன்றே குற்றச்சாட்டாகாது. வெப்பத்திலும் நேரத்திலும் கட்டுப்பாடின்றிச் செய்தால் ஓரங்களில் நீலம், ஊதா, பொன் என வானவில் வண்ணங்கள் தோன்றும். பட்டறையில் தேர்ந்த கை செய்தது இவ்வாறு இராது. தற்காலத்தில் பித்தளையைக் குளிர்நிலையிலேயே கறுக்கச் செய்ய விற்கப்படும் கரைசல்கள் பலவற்றில் செலினியம் சேர்மம் இருக்கிறது. நூறாண்டுப் பழையது என்று சொல்லப்படும் பூச்சில் செலினியம் கண்டறியப்பட்டால் அது ஆழ்ந்த ஐயத்துக்குரியது. இவற்றையெல்லாம் விட எளிய திரிபு, கறுப்புச் செருப்பு மெழுகைத் தேய்த்துத் துடைப்பது. வெள்ளைத்துணியில் ஒருமுறை ஒற்றினாலே அது வெளிப்பட்டுவிடும். நெடுங்காலம் கம்பளித் துணியின் மீது பொருத்தி வைத்த சின்னங்கள் துணியிலிருந்து வெளிவரும் கந்தக வாயுக்களால் தாமாகவே கறுப்பதும் உண்டு. துணியைத் தொட்ட பின்புறம் மிகுதியாகக் கறுத்திருந்தால் அது வஞ்சகமன்று, சேமிப்பின் விளைவு.

பிரிட்டனை விட்டு ஜெர்மனியைப் பார்த்தால், பூச்சின் நிறம் அழகுக்கானதாக இல்லாமல் தகுதியையே குறிப்பதாக இருந்த நிலை தெரியவரும். 1918 மார்ச் 3ஆம் நாள் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நிறுவிய காயச்சின்னம், ஒன்று அல்லது இரண்டு காயங்களுக்குக் கறுப்பிலும், மூன்று அல்லது நான்குக்கு வெள்ளி நிறத்திலும், ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் பொன் நிறத்திலும் தரப்பட்டது, வடிவம் ஒன்றே. 1939 டிசம்பர் 20இல் நிறுவப்பட்ட காலாட்படைத் தாக்குதல் சின்னம் வெள்ளி நிறத்தது. மோட்டார் ஊர்திப் படையினருக்கு வெண்கல நிற வகை 1940 ஜூன் 1இல் சேர்க்கப்பட்டது. போரின் நடுப்பகுதியில் பித்தளைக்குப் பதிலாகத் துத்தநாகம் வந்தபோது சிக்கல் முற்றியது. செம்பும் வெள்ளியும் மெல்லிய படலமாகத் துத்தநாகத்தின் மேல் இருக்கும்போது, ஆண்டுகள் செல்லச் செல்ல அவை உள்ளே ஊடுருவிக் கலந்து, மேற்பரப்பில் மங்கிய சாம்பல் நிறமே எஞ்சும். இப்படிச் சாம்பலாகிப்போன சின்னம் ஒன்று முன்பு வெள்ளியாக இருந்ததா, வெண்கலமாக இருந்ததா என்பதைப் பள்ளங்களிலும் ஊசியின் கீல் மறைத்த இடத்திலும் தப்பிய துணுக்குகளைக் கொண்டே சொல்ல முடியும். வெள்ளையடித்ததுபோல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒளிரும் வெள்ளி நிறம் துத்தநாகச் சின்னத்தில் இருப்பின், மகிழ்வதற்கு முன் தயங்க வேண்டும். அங்கே பூச்சை மாற்றுவது தோற்றத்தை மட்டும் மாற்றுவதன்று. ஒருவன் எத்தனை முறை காயமுற்றான், எந்தப் படையில் போரிட்டான் என்னும் வரலாற்றையே திருத்தி எழுதுவதாகும்.

கருவிகள் இந்த வாசிப்புக்குத் துணைசெய்யும். புற ஊதா விளக்கின் கீழ், பழைய அரக்குப் பூச்சு பெரும்பாலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். தற்காலச் செயற்கைப் பிசின்கள் பல நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். 1920களிலிருந்து தொழிற்சாலைகளில் பரவிய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் முதுமையடையும்போது அமில ஆவியை வெளிவிட்டு அடியில் உள்ள செம்பையே அரிக்கும் என்பதால், வார்னிஷ் கீறிய கோடுகளின் வழியே மட்டும் பச்சை படர்ந்திருப்பதைக் கண்டு அதைப் போலிக் களிம்பு என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை, சின்னத்தைச் சிதைக்காமலே அதன் மேற்பகுதியில் உள்ள தனிமங்களைக் காட்டும். பொன்முலாம் பூசிய பழைய அதிகாரிச் சின்னங்களுக்கு இது மிகவும் பயனுடையது: பாதரசத்தில் கரைத்த பொன்னைப் பூசி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கும் பழைய முறையில் பாதரசத்தின் எச்சம் தங்கிவிடும், 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் உரிமம் பெற்ற மின்முலாமில் அது இராது. ஆகவே 1820களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் தோள்வார்த் தகட்டின் பொன்னில் பாதரசம் அறவே இல்லையெனில், அந்தப் பொன் பிற்காலத்தது. எனினும் இக்கதிர் மெல்லிய வேதிப் படலத்தைத் தாண்டி அடி உலோகத்துக்குள்ளும் செல்வதால், வெண்கல நிறத்தின் வயதை அதனால் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியாது. ஐயத்துக்குரிய தனிமங்களைச் சுட்டுவதோடு அதன் பணி முடிகிறது. வரிசையைப் படிப்பது லென்ஸின் பின்னால் உள்ள கண்ணே. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பர். புதிய வண்ணம் கரைவது உண்மையே. ஆனால் நூறாண்டுப் பழைய வார்னிஷும் அதனால் கரையவோ சிதையவோ கூடும் என்பதால், அழிக்காமல் அறிய முடியாத நிலையில் அறியாமல் விடுவதே மேல்.

அசல் என்னும் சொல்லை இரண்டாக மட்டும் பிரிப்பது போதாது என்பதும் இங்கே வலியுறுத்தத்தக்கது. பட்டறையிலிருந்து வந்த பூச்சு ஒன்று. சின்னம் பணியில் இருந்த காலத்திலேயே அணிந்தவரோ படைப்பிரிவோ மாற்றிய பூச்சு வேறொன்று. பணி முடிந்து சந்தைக்கு வந்த பின் மாற்றப்பட்டது மூன்றாவது. வெண்கல நிறம் பிடிக்காத அதிகாரி அதைப் பித்தளை வரை துலக்கி அணிந்திருக்கலாம். களத்துக்குச் செல்லும் வீரன் தன் மின்னும் சின்னத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருக்கலாம். அந்த வண்ணத்தின் மேல் அணிந்ததால் உண்டான தேய்மானமும் அதன் மேல் காலத்தின் அழுக்கும் இருக்குமானால், அது பட்டறைப் பூச்சாக இல்லாவிடினும் வரலாற்றின் பகுதியே. அதை நீக்கிப் பட்டறை நிலைக்குக் கொண்டுவருவது ஒரு போர்வீரனின் செயலை அழிப்பதாகும். சந்தையில் இந்த இரண்டாவது வகை மிகக் குறைவாக மதிக்கப்படுகிறது. வரலாற்று நோக்கில் இதுவே மற்ற இரண்டையும் விட அதிகம் சொல்லக்கூடியது.

விற்பனைப் பட்டியல்களிலும் அருங்காட்சியகப் பதிவேடுகளிலும் அசல் பூச்சு என்று ஒற்றைச் சொல்லில் எழுதிச் செல்வதைக் கைவிட்டு, படலம் எங்கே தேய்ந்துள்ளது, பற்றவைப்பின் மேல் தொடர்கிறதா, பின்புறமும் முன்புறமும் ஒத்துப்போகின்றனவா என்னும் சான்றுகளையே எழுத வேண்டும். முடிவு செய்ய இயலாதபோது இயலவில்லை என்று எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. பூச்சு பிற்காலத்தது என்று அறிந்தவர் அதை மறைக்காமல் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் சின்னம் ஒன்று கிடைக்கப்பெற்றவர்கள், அதைத் துலக்கவும் நிறமேற்றவும் முற்படாமல், முதலில் இருபுறமும் சாய்வொளியில் படமெடுத்து, அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.